முகம் அமையாத குறளி

இறந்தவரின் வாயை மூடிவிடுவதுதான் கேதீஸ்வரிக்கு எப்போதும் முதல் வேலை. மரண அறிவித்தலுக்கென்று வீட்டுக்காரர் அனுப்புகிற படங்களில் பாதிக்கு மேல் கலியாண வீடுகளில் பிடித்தவையாக இருக்கும். ஆள் பந்தியில் இருந்தபடி பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், வாய்க்குள் சோறும் தெரியும். அந்த வாயைக் கணினியில் மூடி, பின்னால் நிற்கிற வாழையை அழித்து, வெறும் மேலுக்கு ஒரு கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டி, நெற்றியில் மூன்று குறி திருநீறு இழுத்து, கண் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடாத மனுசன்கூடச் சாந்த சொரூபியாகிவிடுவார். மானிப்பாய் வீதியில் கிறிஸ்துநாயகத்தாரின் அச்சகத்தில் பதினாறு வருஷமாக அவள் செய்துவருவது இதைத்தான். வலிகாமத்தில் அவள் கைபடாமல் மோட்சம் போனவர்கள் குறைவு.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை திரையில் இருந்த படத்தில் அவள் மூடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. உதடுகள் ஏற்கெனவே இறுக்கி மூடியிருந்தன. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, தோளில் மடித்த சால்வை, ஆளை அளவெடுக்கிற பார்வை. இளைப்பாறிய அதிபர், கோயில் தர்மகர்த்தா, சண்டிலிப்பாய் முத்துக்குமாரு. கேதீஸ்வரியின் தகப்பனோடு கூடப்பிறந்த தமையன். செத்துப் பதினைந்து நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கையில் கொடுக்கக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கவேண்டும்: முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டு, கடைசிப் பக்கத்தில் உறவுகளின் பெயர் வரிசை. அதை இந்த அச்சகத்தில்தான் அடிக்கவேண்டும், ஒவ்வொரு எழுத்தையும் கேதீஸ்வரிதான் கோக்கவேண்டும் என்பது பெரியப்பாவின் மகன் கோபிசங்கர் போட்ட கட்டளை. மனுசனைப் பேயாகக் கீறின கை எதுவோ, அந்தக் கையே அவரை மனுசனாக்கித் தரட்டும் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கீறியது உண்மை. கேதீஸ்வரி பேய்களைக் கீறுகிறவள். கல்வெட்டுக்கான தடித்த அட்டையை வெட்டும்போது இயந்திரத்துக்குக் கீழே சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவில் துண்டுகள் விழும். குப்பைக்குப் போகிற சாமான்தானே என்று ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோனவள், பள்ளிக்கூடக் காலத்துச் சாயப் பெட்டியைத் தேடி எடுத்து, தூரிகையில் மூன்று மயிர் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டிப்போட்டு, ஒரு மாலையில் சும்மா தொடங்கினாள். பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றுகிற கொத்தி. சுடலையிலிருந்து நெருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிற கொள்ளிவாய்ப் பேய். ஆளில்லாத வீட்டு வளவிலிருந்து கல்லெறிகிற எறிமாடன். உச்சிப்பொழுதில் ஒரு காலைப் பனையிலும் மற்றக் காலைப் புளியிலும் வைத்துக்கொண்டு நிற்கிற முனி. பேய்களின் உடம்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முகம்தான் சிக்கலாக இருந்தது. பேயைக் கண்டதாகச் சொன்ன ஒருவரும் நின்று அதன் முகத்தைப் பார்த்ததில்லை. முகத்துக்கு அவள் எங்கே போவாள்? கணினிக்குள் இரண்டாயிரம் முகம் கிடந்தது. எல்லாம் நேரே பார்க்கிற முகம், எல்லாம் செத்த முகம்.

யாருக்கு எந்தப் பேய் என்பதில் அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை. படத்தைக் கொண்டுவருகிற வீட்டுக்காரர் அச்சகத்து நீட்டு மர வாங்கில் இருந்து கதைப்பார்கள். அச்சுக்குப் போகாத கதையெல்லாம் அந்த வாங்கில்தான் வரும். மருமகளின் சோற்றுக் கோப்பையை ஒளித்துவைத்த மாமிக்கு 'அன்பின் ஊற்றே' என்று காலையில் எழுத்துக் கோத்துவிட்டு, மாலையில் வீட்டில் அவளுக்குக் கொத்தியின் சடையை விரித்துவிட்டாள். கூட்டுறவுக் கடை மண்ணெண்ணெயில் கைவைத்தவர் கொள்ளிவாய்ப் பேயானார். கண்ணை மட்டும் எப்போதும் கடைசிக்கு வைத்தாள். கோயில் சிற்பம் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் கண் திறப்பதைப்போல, பேய்க்கும் அவள் கடைசியில்தான் கண் திறந்தாள். அதற்குப் பிறகு அந்த அட்டையைத் தொடமாட்டாள். இப்படி நாற்பத்தொரு பேய் சேர்ந்தது. நாற்பதுக்கு முகம் இருந்தது. குறளிக்கு மட்டும் அமையவில்லை. குறளி ஒரு கையாள் பேய். யார் அதைக் கட்டி வைத்திருக்கிறாரோ அவர் சொன்னதைச் செய்யும். கொண்டுவா என்றால் கொண்டுவரும், எடு என்றால் எடுக்கும், ஏன் என்று கேளாது. குள்ள உடம்பும் நீண்ட கையுமாக அதைக் கீறிவிட்டுப் பத்துப் பதினைந்து முகத்தைப் பொருத்திப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் அட்டையாகவே கிடந்தது.

இதெல்லாம் ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் கிடந்தவரை ஒருவருக்கும் நோகவில்லை. ஓவியம் படிப்பிக்கிற வாகீசன் என்பவர் ஏதோ அழைப்பிதழ் அடிக்க வந்த இடத்தில் அவளுடைய மேசையில் கிடந்த ஒன்றைக் கண்டுவிட்டு, விடாப்பிடியாக நின்று நகரத்து மண்டபம் ஒன்றில் மூன்று நாள் கண்காட்சி வைத்தார். முகமில்லாத குறளிக்கு முன்னால் நின்று அது வெறுமையின் உச்சம் என்றுகூட ஒரு பேச்சுப் பேசினார். கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. முதல் நாள் வந்தவர்கள் பேயைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி, இது எங்கடை மாமியெல்லோ என்றாள். மூன்றாம் நாள் மண்டபத்தைப் பூட்டவேண்டியதாயிற்று. அதற்குள் படங்களெல்லாம் கைப்பேசிகளுக்குள் ஏறி, லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய், அங்கிருந்து சித்தப்பாக்களும் மச்சான்மாரும் அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்துத் தூஷணத்தால் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கிறிஸ்துநாயகத்தார், தற்செயலாக ஒத்துப்போன முகம் என்று ஒவ்வொருவருக்கும் பொய் சொல்லிக் களைத்துப்போனார்.

ஆனால் செத்தவர்களின் வீடுகள் போட்ட சத்தம் ஒரு கிழமையில் அடங்கிவிட்டது. அடங்காதது ஒன்றே ஒன்று. நாற்பது முகத்தில் முப்பத்தொன்பதுதான் செத்தவர்களுடையது. முனிக்கு வைத்த முகம் உயிரோடு இருந்தவருடையது. கோயில் வாசலில் யாரோ கைப்பேசியை நீட்டியபோது முத்துக்குமாரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தாராம். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாராம். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் கிணற்றடியில் தோய்ந்துகொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். எண்பத்தொரு வயது, ஏற்கெனவே இரண்டு தரம் நெஞ்சு வருத்தம் வந்த ஆள். ஆனாலும் உயிரோடு இருக்கிறவரின் உருவைப் பேயாகக் கீறிக் கண்ணும் திறந்தால் வேறு என்ன நடக்கும் என்று ஊர் கேட்டது. கேதீஸ்வரிக்கு அந்தக் கேள்வியில் பயமும் இருந்தது, சொன்னால் பாவம், கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

அவருக்கு மட்டும் ஏன் அந்த விதிவிலக்கு என்பதற்கு ஆறு வருஷம் பின்னே போகவேண்டும். அவளுடைய தாய் செத்தபோது மரண அறிவித்தலை அவளேதான் கோத்தாள். 'அன்னார் கேதீஸ்வரி, கஜானி ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்று எழுதிவிட்டு, அச்சுக்குப் போகமுன் பெரியவருக்கு ஒருக்கால் காட்டிவிடுவோம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனாள். தகப்பன் முன்னரே போய்விட்ட வீட்டில் பெரியப்பாதான் எல்லாம். அவர் தாளை வாங்கி, சேட்டுப் பையிலிருந்த சிவப்புப் பேனையால் அவளுடைய தங்கை கஜானியின் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். கஜானி அரியாலையில் கடல் தொழில் செய்கிற ஜெனிஸ்ரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் அப்போது மூன்று வருஷம். இந்தப் பேர் கிடந்தால் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் செத்தவீட்டுக்கு வரமாட்டினம், பாடை தூக்க ஆள் தேடவேண்டி வரும் என்று அவர் அமைதியாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தாலாவது அவள் எதிர்த்துக் கதைத்திருப்பாள். அமைதியாகச் சொன்னபடியால் திரும்பி அச்சகத்துக்கு வந்து, பெயரைத் தெரிவுசெய்து, அழித்தாள். அழித்த கையோடு தங்கைக்கு அறிவிப்பதையும் விட்டுவிட்டாள்.

அறிவித்தல் ஒட்டிகள் சந்திக்குச் சந்தி ஒட்டப்பட்டன. அரியாலைச் சந்தியிலும் ஒன்று. தாய் செத்ததைக் கஜானி அந்தச் சுவரில்தான் வாசித்தாள். பிரேதம் சுடலைக்குப் போன பிறகு ஓட்டோவில் வந்து இறங்கினாள். வாசல் படலையில் கட்டியிருந்த ஒட்டியை இன்னொரு தரம் மேலிருந்து கீழே வாசித்தாள். உள்ளே வராமல் அதே ஓட்டோவில் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து ஒரு சொல் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவது என்ன நியாயம் என்று கேதீஸ்வரி இந்த ஆறு வருஷமும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நியாயத்தை மூன்று மயிர்த் தூரிகையால் அட்டையில் எழுதிய இடம்தான் முனி. வெள்ளை வேட்டி, சால்வை, கடைவாயில் இரண்டு கோரைப்பல், பனைக்கும் புளிக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பேனை. நாற்பத்தொன்றிலும் திறமாக வந்தது அதுதான்.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்பார்கள். எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் கோபிசங்கர் அச்சகத்துக்கு வந்தான். கனடாவிலிருந்து தகப்பனுக்குக் கொள்ளிவைக்க வந்தவன். சவரம் செய்யாத தாடி, உடுத்திப் பழக்கமில்லாத வேட்டி. வாங்கில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அவளைப் பார்க்காமல் கிறிஸ்துநாயகத்தாரைப் பார்த்தே எல்லாம் சொன்னான். கல்வெட்டை இவள்தான் செய்யவேண்டும். அந்த முனிப் படத்தை இவளே கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுக்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கோயில் வேலை, பள்ளிக்கூட வேலை எதுவும் இந்த வாசலுக்கு வராது. கிறிஸ்துநாயகத்தார் பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் காலம் தள்ளிய மனுசன். கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்து, படம்தானே பிள்ளை, குடுத்துவிடன் என்றார்.

"தாறன்" என்றாள் கேதீஸ்வரி. "கஜானியின்ரை பேரையும் போடோணும்."

கோபிசங்கர் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். "எதிலை?"

"கல்வெட்டிலை. பெறாமக்கள் வரிசையிலை, தம்பியின்ரை பிள்ளையள் எண்டு, என்ரை பேருக்குப் பக்கத்திலை."

"அப்பா உயிரோடை இருந்தால் உதுக்குச் சம்மதிச்சிருப்பாரே?"

"இல்லை, கோபியண்ணை. அதுதான் அவர் செத்தாப் பிறகு கேக்கிறன்."

அவன் கை ஓங்குவான் என்று ஒரு கணம் நினைத்தாள். ஓங்கவில்லை. நீ மனிசியே என்று கேட்டுவிட்டு, அம்மாவைத்தான் கேக்கவேணும் என்று முனகிக்கொண்டு இறங்கிப் போனான். ஆறு வருஷத்தில் முதல்தரமாகத் தான் ஒரு காரியம் செய்துவிட்டதாக அவளுக்கு இருந்தது. படத்தை இழப்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை, அதைப்போல இன்னொன்று அவள் கையால் வராது. ஆனாலும் சுவரொட்டியில் அழித்த பெயரைக் கல்வெட்டில் ஏற்றிவிட்டால், அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தங்கையின் முன்னால் நிற்கலாம். நின்றால் அவள் ஒரு சொல்லாவது பேசுவாள். கேதீஸ்வரிக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் படத்தைத் தினசரித் தாளில் சுற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனாள். முற்றத்தில் பெண்கள் கல்லடுப்பு மூட்டிப் பெரிய பானையில் ஏதோ அவித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருத்தி துப்பினாள், அடுப்புப் பக்கமாக அல்ல. விறாந்தையில் பெரியப்பாவின் பெரிய படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தது. வாயை மூடத் தேவையில்லாத அதே படம். அதற்குக் கீழே பாயில் பெரியம்மா பாலேஸ்வரி இருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கை நீட்டினாள். கேதீஸ்வரி குனிந்து கொடுத்தாள். முற்றத்தில் கதை நின்றுவிட்டது. அடுப்படிப் பெண்கள் எல்லாரும் வாய்விட்டு அழுது சாபம் போடப்போகிற கிழவிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா தாளைப் பிரித்து, அந்தச் சின்ன அட்டையை விளக்குக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"பல்லுப் பிழை" என்றாள் மெதுவாக. "அவர் ஒருநாளும் பல்லைக் காட்டினதில்லை. அம்பத்திரண்டு வருசத்திலை ஒருக்காலும். உனக்கு அவரைத் தெரியாது."

பிறகு எழும்பி, கோபிசங்கர் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு முற்றத்துக்கு நடந்துபோய், அட்டையை அடுப்புக்குள் போட்டாள். சாயம் பச்சையாக ஒரு கணம் எரிந்தது. கேதீஸ்வரி தன்னுடைய வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். பெரியம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "போடு அவளின்ரை பேரை. அவர் எழும்பி வந்து வாசிக்கப்போறாரே. ஆனா நீ இந்தப் படலைக்குள்ளை இனிக் கால் வையாதை. அந்தியேட்டிக்கும் வராதை." கேதீஸ்வரி தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். படலை தாண்டும்வரை முதுகில் அத்தனை கண்ணும் குத்தியது.

மறுநாள் கடைசிப் பக்கத்தைக் கோத்தாள். 'கேதீஸ்வரி, கஜானி ஜெனிஸ்ரன் (அரியாலை) ஆகியோரின் அன்புப் பெரிய தந்தையும்.' தங்கையின் பெயரை மற்றப் பெயர்களைவிட ஒரு துளி தடிப்பாக விட்டாள். ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து மடங்காமல் உறையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அரியாலைக்குப் பஸ் ஏறினாள்.

கடனீரேரியிலிருந்து காற்று உப்பும் சேற்று மணமுமாக வந்தது. வீட்டு முன்னால் பூவரச மரத்தின் கீழே வலையைப் பரப்பிவைத்துக்கொண்டு கஜானி நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கை மட்டும் பெருத்திருந்தது. உள்ளேயிருந்து வந்த ஜெனிஸ்ரன், வாங்கோ மச்சாள் என்று சொல்லி, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கச் சொல்ல எடுத்த கதிரையை அங்கேயே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேதீஸ்வரி நின்றாள். கஜானி நிமிரவில்லை.

"செத்தவீடு சொல்ல வந்தனீங்களோ? பிந்திப்போச்சு."

முன்பெல்லாம் நீ என்று கதைத்தவள். கேதீஸ்வரி உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். கஜானி கையைப் பாவாடையில் துடைத்தாள், துடைத்தும் ஈரம் போகவில்லை. தாளை வாங்கி, அன்று படலையில் வாசித்ததைப்போலவே மேலிருந்து கீழே வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தை நம்பித்தான் கேதீஸ்வரி பேசினாள். ஆறு வருஷமாக இதற்காகத்தான் தவித்ததாகவும், படத்தைக் கொடுத்து இதை வாங்கியதாகவும், பெரியம்மாவே வாய்திறந்து சம்மதித்ததாகவும் மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன்னுடைய குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அம்மாவின்ரையிலை இல்லாத பேர் உந்த மனுசன்ரையிலை என்னத்துக்கு?" என்றாள் கஜானி.

"பெரியப்பாதான் எடுக்கச் சொன்னவர். உனக்குத் தெரியாதே."

"சொன்னவர் செத்திட்டார். எடுத்தது ஆர்?"

எய்தவன் இருக்க என்று தொடங்குகிற அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆறு வருஷம் உருப்போட்டது. ஆனால் அந்தக் கைக்கும் அந்த வலைக்கும் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.

"நான்தான்."

"எந்த விரலாலை?"

கேதீஸ்வரி தன்னை அறியாமல் வலது கையைச் சீலைத் தலைப்புக்குள் இழுத்தாள். அழிக்கிற விசையை அவள் எப்போதும் சுண்டுவிரலால்தான் தட்டுவாள்.

"அந்த விரலாலையே இதையும் எடுங்கோ. அவற்றை அன்புப் பெறாமகளாக் கிடக்க எனக்கு விருப்பமில்லை." கஜானி தாளைத் திருப்பி நீட்டினாள். நண்டுத் தண்ணீர் பட்டு மூலை ஊறியிருந்தது. கேதீஸ்வரி வாங்கிய பிறகும் அவள் கையை உடனே எடுக்கவில்லை. "என்னைக் கேட்டோ அந்தப் படத்தைக் குடுத்தனீ? எனக்கு அது பிடிச்சிருந்தது. அதை என்ரை போனிலை வைச்சிருக்கிறன். நீ ஒண்டாவது செய்தாய் எண்டு நினைச்சன். அதையும் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்து நிக்கிறாய்."

கதிரை இரண்டடி தூரத்தில் இருந்தது. போய் இருந்தால் இருக்கலாம், தடுக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் இருக்கச் சொல்லாத வீட்டில் கேதீஸ்வரி எப்படி இருப்பாள்? தேத்தண்ணீர் குடிக்கிறீங்களோ என்று எதிரிக்கும் கேட்கிற ஊரில், அந்தச் சொல்லும் வரவில்லை. கஜானி மறுபடி வலைக்குள் குனிந்து, காலை மடக்கிப் பிடித்த ஒரு நண்டைச் சிக்கிலிருந்து விடுவித்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்:

"முகமில்லாமல் ஒண்டு கிடந்துது. அது என்ன?"

"குறளி."

"சொன்னதைச் செய்யிறதே?"

"ஓம்."

"அதுக்கேன் முகம் கீறேல்லை?"

"இன்னும் அமையேல்லை" என்றாள் கேதீஸ்வரி. "எத்தினையோ பேரின்ரையை வைச்சுப் பாத்தன்."

கஜானி அப்போதுதான் தலையைத் தூக்கி அவளை நேரே பார்த்தாள். வந்ததிலிருந்து முதல்தரம். கோபமாகப் பார்த்தாள் என்றும் சொல்லமுடியாது. ஒரு சாமானை வாங்கமுன் பார்ப்பதைப்போல நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அடுத்த நண்டைப் பிடித்தாள். கேதீஸ்வரி, போட்டு வாறன் என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது மடியில் கிடந்த உறையிலிருந்து நண்டு மணம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழும்பி வேறு இருக்கைக்குப் போனாள்.

திங்கட்கிழமை அச்சகத்தில் முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 'கஜானி ஜெனிஸ்ரன் (அரியாலை)' என்பதைத் தெரிவுசெய்தாள். சொன்னதைச் செய்யப்போகிறாள், இந்தத் தடவையும். சொன்னவர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். செய்யாமல் விட்டால் என்ன என்றும் யோசித்தாள். விட்டால் தங்கைக்குப் பிடிக்காத இடத்தில் தங்கையின் பெயர் அடிக்கப்போகிற ஐந்நூறு பிரதியிலும் கிடக்கும். எடுத்தால் அவளே இரண்டாம் தரம் எடுத்ததாக இருக்கும். சுண்டுவிரல் விசையின் மேல் வெகுநேரம் கிடந்தது. பிறகு தட்டியது. பக்கத்துப் பெயர்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடிக்கொண்டன. அங்கே ஒரு பெயர் இருந்ததென்று சொல்ல ஒரு அடையாளமும் மிஞ்சவில்லை. கணினி இந்த வேலையை எப்போதும் துப்புரவாகச் செய்யும். அவள் தன்னுடைய பெயரையும் தெரிவுசெய்து பார்த்தாள். அதை எடுக்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினாள்.

மத்தியானம் கிறிஸ்துநாயகத்தார் சாப்பிடப் போனார். அவள் சோற்றுப் பார்சலைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து தன்னுடைய அடையாள அட்டையை எடுத்து, ஸ்கானர் கண்ணாடியில் கவிழ்த்துவைத்து மூடினாள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊர்ந்து போனது. திரையில் முகம் வந்தது. நேரே பார்க்கிற முகம், வெளிச்சம் சரியாக விழுந்த முகம். யாரோ பேரைக் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது பிடித்ததுபோல, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பதினாறு வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டில் வாயை மூடப் போனது. பாதியில் நிறுத்தினாள். இடது கண் வலது கண்ணைவிடத் தாழ்ந்திருந்தது, அதையும் தொடவில்லை. ஒன்றையும் அழிக்காமல் சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுக்குச் சுருக்கி அச்செடுத்தாள்.

பிஸ்கட் பேணி, தூரிகையும் சாயமும் உள்ளேயே, மேசைக்குக் கீழே இருந்தது. கண்காட்சியைக் கழற்றிக்கொண்டுவந்த நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறது. குறளியை வெளியே எடுத்து, அச்செடுத்த முகத்தை அதற்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள். குள்ள உடம்பு, நீண்ட கை, நடுவில் வெறும் அட்டை. யன்னலால் உச்சி வெயில் மேசைவரை வந்திருந்தது. தண்ணீர்ப் போத்தல் மூடியில் கறுப்பைக் கரைத்தாள். மூன்று மயிரையும் உதட்டில் வைத்துக் கூராக்கினாள். பிறகு ஒருநாளும் செய்யாத மாதிரி, நெற்றியையும் மூக்கையும் வாயையும் விட்டுவிட்டு, கண்ணிலிருந்து தொடங்கினாள்.